கூரை ஒழுகுகிறது, தர்மப்பெட்டியில் காசு இருக்கிறதே: எங்கள் சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் ஆராதனை முடிந்து நடந்த சபைக்கூட்டத்தில் மூப்பர் சங்கம் நான்கு மாற்றங்களை அறிவித்தது. கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் கேள்விகள் வந்தன. பைப்படியில், பஸ் ஹோல்ட்டில், ஒரு மரண வீட்டுப் பந்தலுக்குக் கீழேகூடக் கேட்டார்கள். ஒருவருக்குச் சொன்னதையே இன்னொருவருக்கும் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் இலங்கை மலையகத்தில் இருக்கிற இந்தப் பிரெஸ்பிற்றேரியன் சபையின் பொருளாளர், மூப்பர்களில் ஒருவன், வேலை செய்த காலம் முழுக்கத் தேயிலைத் தோட்டத்து ஒபிஸில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) எழுதியவன். பதில்களில் கிளாக்கர் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்னதான் மாறுகிறது?

ஐயர், அதாவது எங்கள் போதகர், இனி எங்களுக்கு மட்டும் உரியவர் அல்ல, வேறு இரண்டு சபைகளையும் சேர்த்துப் பார்ப்பார். மாதத்தின் முதல் ஞாயிறு நடந்த ஆங்கில ஆராதனை நிற்கிறது. கூரை வேலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகிறது. நான்காவது, கஷ்டப்பட்டவர்களுக்கு உதவ வைத்திருக்கிற தர்மப்பெட்டிக்குப் போகிற பங்கைக் குறைக்கவில்லை. நான்காவதை மாற்றம் என்று சொல்ல முடியாதுதான், ஆனால் அதிகம் கேள்வி வந்தது அதற்குத்தான்.

இதையெல்லாம் யார் முடிவு செய்தது? ஐயரா?

இல்லை. பிஷப்பும் இல்லை, எங்களுக்குப் பிஷப்பே கிடையாது. பிரெஸ்பிற்றேரியன் என்ற பெயரே மூப்பர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நீங்கள் தெரிந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்த சங்கம்தான் சபையை நடத்துகிறது, போதகர் அதற்குத் தலைமை தாங்குவார். அதற்கு மேலே பல சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடுகிற பிரெஸ்பிற்றரி இருக்கிறது. ஆகவே கோபம் என்றால் ஐயர் வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள், எங்களிடம் வாருங்கள். அடுத்த தெரிவில் எங்களை மாற்றவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. (யாராவது பொருளாளராக வர விருப்பம் என்றால் இன்றைக்கே சொல்லுங்கள், சாவியைத் தந்துவிடுகிறேன்.)

முந்தி இந்தச் சபை நன்றாகத்தானே இருந்தது, இப்போது காசு எங்கே போனது?

யாரும் தின்றுவிடவில்லை. வருகிறது குறைந்தது, போகிறது கூடியது, அவ்வளவுதான். ஆனால் "முந்தி" என்று எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள் என்று பார்க்கவேண்டும். இந்த மலைகளில் கோப்பி போட்டவர்களிலும் பிறகு தேயிலை போட்டவர்களிலும் ஸ்கொட்லாந்துக்காரர் நிறையப் பேர். 1867ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான், கண்டி மகியாவையில் அடக்கமாகியிருக்கிறார். டன்சினன், ஹோலிரூட், பல்மோரல் என்று நம் தோட்டங்களுக்கு இருக்கிற பெயர்களைப் பார்த்தாலே தெரியும். அவர்கள் தங்களுக்காகக் கட்டிய கோயில்களுக்கு அவர்களே சந்தா கட்டினார்கள். துரைமார் போன பிறகு, 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, அந்தச் சந்தா நின்றுவிட்டது. எஞ்சியது கல்சுவரும் பெரிய கூரையும் அதைத் தாங்கவேண்டிய நாங்களும்.

நாங்களும் குறைந்துபோனோம். பழைய சபைப் பதிவேட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், அலுமாரியில்தான் இருக்கிறது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். அந்த எண் எங்கள் பதிவேட்டுக்குள் எப்படி நுழைந்தது என்றால், பெயருக்குப் பக்கத்தில் நீல மையில் "இந்தியா" என்று ஒரே சொல், ஒரே கையெழுத்து, பக்கம் பக்கமாக. சில இடங்களில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது, மகன் பெயருக்குப் பக்கத்தில் இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சப் பேர். இப்போது கொழும்பு, கட்டார், டுபாய். "கொழும்பு" என்று எழுதுவது நான்.

செலவுப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 வீதம். இந்துக் கோயில், பௌத்தப் பன்சலை, பள்ளிவாசல், சபை எல்லோருக்கும் அடி விழுந்தது. நாங்கள் ஒலிபெருக்கியை நிறுத்தினோம், ஐயருக்குக் குரல் நன்றாக இருக்கிறது, பரவாயில்லை. வருமானம் அந்த வேகத்தில் ஏறவில்லை. கொழுந்து பறிக்கிறவருக்கு 2021ல் நாட்சம்பளம் 1000 ரூபா, 2024ல் அடிப்படை 1350 ஆனது. அதுவும் கொழுந்து நிறை காணாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அப்படியொரு கையிலிருந்து காணிக்கைப் பைக்குள் 100 ரூபா விழுகிறது என்றால் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வராது.

தர்மப்பெட்டியில் காசு இருக்கிறதே, அதை எடுத்துக் கூரையைப் போட்டால் என்ன?

எல்லோரும் கேட்பது இதுதான், கொஞ்சம் கோபத்தோடு கேட்பதும் இதுதான். கோபத்தில் நியாயம் இருக்கிறது. மூன்றாவது வாங்குக்குப் பக்கத்தில் பச்சை வாளி ஒன்று வைத்திருக்கிறோம். மழைநாளில் ஐயர் பிரசங்கத்தில் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் அது "டொக்" என்று பதில் சொல்லும், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

2022ல் நாங்கள் எடுத்தோம். இதைச் சபைக்கூட்டத்தில் நான் தெளிவாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்த வருடம் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் காணிக்கை விழவில்லை, பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, ஆட்களே வரவில்லை. போதகர் சம்பளத்துக்கும் கோயில் பார்க்கிற ஐயாவின் சம்பளத்துக்கும் தர்மப்பெட்டியைத் திறந்தோம். "கடனாகத்தானே, செப்டெம்பரில் திருப்பிப் போட்டுவிடலாம்" என்று நான்தான் சொன்னேன், கையெழுத்தும் நான்தான் வைத்தேன்.

ஓகஸ்ட் மழையில் பக்கத்துத் தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்புறம் இராத்திரியில் மண் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. நான்கு குடும்பங்கள், நனைந்த பாயும் ஒரு கோழிக்கூடும் பள்ளிக்கூடப் பைகளுமாக எங்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். 340 ரூபாவும் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. அந்த நேரத்தில் அந்தக் காசுக்கு இரண்டு இறாத்தல் பாண்கூட ஒழுங்காக வராது. சந்திக் கடைக்காரரிடம் கடன் சொல்லிப் பாணும் சீனியும் வாங்கினேன், அவர் எங்கள் சபைக்காரரும் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல. பால்மா கேட்டேன், "அது கடைக்கே இல்லை ஐயா" என்றார். மண்டபத்துக்குத் திரும்பிவந்து தேத்தண்ணி ஊற்றும்போது ஒரு சின்னப்பிள்ளை பாலுக்கு அழுதது. அவ்வளவுதான் கதை. அடுத்த நாள் தோட்டமும் பிரதேச செயலகமும் உணவு கொடுத்தன, யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அந்த ஒரு இராத்திரிக்காகத்தானே அந்தப் பெட்டியை வைத்திருக்கிறோம்?

அதற்குப் பிறகு சங்கம் எடுத்த முடிவு இது: வருகிற ஒவ்வொரு 100 ரூபாவிலும் முதல் 10 ரூபா தர்மப்பெட்டிக்கு. சம்பளத்துக்கு முன், கரண்டுக்கு முன், கூரைக்கு முன். கடனாகவும் எடுக்க முடியாது. பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி என்னிடம், மற்றது மாதர் சங்கத்துப் பொருளாளர் அக்காவிடம்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது என்று நினைக்கவேண்டாம். 1560ல் ஸ்கொட்லாந்தில் சீர்திருத்தம் நடந்தபோது ஜோன் நொக்ஸும் மற்றவர்களும் எழுதிக்கொடுத்த திட்டத்திலேயே, திருச்சபையின் சொத்து போதகருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏழைக்கும் என்று இருந்தது. சொத்தைக் கையில் வைத்திருந்த பிரபுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை. பிறகு 1845ல் அரசாங்கம் சட்டம் போடும்வரை அங்கே ஊர் ஏழைகளைப் பார்த்துக்கொண்டதில் பெரும்பங்கு மூப்பர் சங்கங்களுடையது. அந்தக் காலத்துப் பெட்டிகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் இருந்தன. செல்லாக் காசுகளும் விழுந்தனவாம், ஆகவே எங்கள் சட்டைப் பொத்தானுக்கும் பரம்பரை இருக்கிறது.

சரி, கூரை?

முழுக் கூரையும் இப்போது முடியாது. வாளிக்கு மேலே இருக்கிற பகுதிக்கு மட்டும் தகரம் மாற்ற கூரை வேலை செய்கிற இரண்டு பாஸ்மாரிடம் விலை கேட்டிருக்கிறோம். கூரை நிதி என்று தனிப் புத்தகம் திறந்திருக்கிறது. கூரைக்கென்று கொடுப்பது கூரைக்கே போகும். தகரமாகவும் கொடுக்கலாம், ஆணியாகவும் கொடுக்கலாம், மேலே ஏறத் தெரிந்தால் ஆளாகவும் வரலாம்.

ஐயர் மாதம் இரண்டு தடவைதான் வருவார் என்றால் மற்ற ஞாயிறுகளில் என்ன செய்வது?

ஆராதனை நடக்கும். மூப்பர்கள் நடத்துவார்கள். பிரசங்கம் சில நாள் நீளமாகப் போகும், மன்னியுங்கள். ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஐயர் வருகிற ஞாயிறுகளில். மரணம் என்றால் நாளைப் பார்க்கவேண்டாம், எனக்கு ஒரு போன் போடுங்கள், ஐயர் எங்கிருந்தாலும் வருவார், பஸ் இல்லை என்றால் த்ரீவீலர் காசு சபை கொடுக்கும்.

மூன்று சபை சேர்ந்து ஒரு சம்பளம் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1843ல் ஸ்கொட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது 450க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் விட்டு வெளியே வந்தார்கள். தோமஸ் சாமர்ஸ் ஒரு வழி சொன்னார்: எல்லாச் சபைகளும் ஒரே பொது நிதியில் போடட்டும், அதிலிருந்து போதகர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுப்போம். பணக்காரச் சபையின் காசில் ஸ்கொட்லாந்து மலைநாட்டு ஏழைச் சபைக்கும் போதகர் இருந்தார். நம் ஊர்ச் சீட்டு மாதிரித்தான், ஆனால் இதில் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆள் இல்லை.

ஆங்கில ஆராதனையை ஏன் நிறுத்தினீர்கள்?

கடைசி ஆறு மாதத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் ஓர்கன் வாசிக்கவும் கதவு திறக்கவும் வந்தவர்கள். அந்தப் பாட்டுகளின் மேல் பாசம் உள்ள மூத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது நோகும் என்று தெரியும். திருவிருந்து ஞாயிறில் ஒரு ஆங்கிலப் பாட்டு தொடரும்.

ஸ்கொட்லாந்துக்கு ஒரு கடிதம் போட்டால் காசு அனுப்பமாட்டார்களா? அவர்கள் கட்டிய கோயில்தானே?

இது ஒரு பழைய நம்பிக்கை, யாராவது ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அவர்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். 1950களில் ஸ்கொட்லாந்துத் திருச்சபைக்கு 13 இலட்சம் அளவில் அங்கத்தவர்கள் இருந்தார்கள், இன்று 3 இலட்சத்துக்கும் குறைவு. கோயில் கட்டடங்களை மூடுகிறார்கள், விற்கிறார்கள், இரண்டு மூன்று சபைகளை ஒன்றாக இணைத்து ஒரு போதகரைப் போடுகிறார்கள். எங்களைப் போலவேதான். கடிதம் போடுவோம், நலம் விசாரித்து. காசு கேட்டு எழுத எனக்கு மனமில்லை. லயத்திலிருந்து வருகிற காணிக்கையில் நிற்கப் பழகுவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம், சங்கத்தில் எல்லோரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சபைக்காரர்களே கஷ்டப்படும்போது வெளியாட்களுக்கு ஏன் கொடுக்கிறோம்?

தர்மப்பெட்டியில் சபைக்காரருக்கும் பங்கு உண்டு, வெளியில் சொல்வதில்லை அவ்வளவுதான். ஆனால் மண் சரியும்போது லயத்தில் எந்த வீட்டில் சிலுவை தொங்குகிறது என்று பார்த்துச் சரிவதில்லை. 2014 ஒக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் எங்கும் பாதை, வீடு, உயிர் எல்லாம் போனது. அந்த நாட்களில் மாரியம்மன் கோயில் மண்டபத்திலும் பன்சலையிலும் படுத்தவர்களில் எங்கள் சபைக்காரரும் இருந்தார்கள். அங்கே யாரும் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்கவில்லை.

மதம் மாற்றத்தான் கொடுக்கிறீர்கள் என்று கோயில் பக்கம் பேசுகிறார்களே?

பேசுவார்கள். முன்பு சில இடங்களில் சில ஆட்கள் மாவைக் காட்டி ஆள் பிடித்திருக்கிறார்கள், அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. எங்கள் ஒழுங்கு இது: உலர் உணவுப் பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைப்பதில்லை. பொதி கொடுக்கும்போது போட்டோ எடுப்பதில்லை. பின்னேர வகுப்புக்கு, அதாவது புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கும் ஓ எல் கணிதத்துக்கும், ஜெபத்தோடு தொடங்குவதில்லை. (இதற்கு ஒரு மூப்பர் இன்னும் என்னோடு கோபம்.) கோயில் தலைவரோடு பேசித்தான் தோட்டத்துக்குள் போகிறோம். போன வருடம் வகுப்பு வாத்தியாரின் பஸ் காசை மூன்று மாதம் கொடுத்தது திருவிழாக் கமிட்டிதான்.

யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? எங்கள் பெயர் வெளியே வருமா?

இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்: கேட்டவர் பேசிய மூப்பர், இரண்டாவது சாவி வைத்திருக்கிற அக்கா. புத்தகத்தில் பெயர் இருக்காது, "மருந்து", "மரணம்", "பள்ளிக்கூடம்" என்று மட்டும் இருக்கும். கேட்க வெட்கமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் போதும். மரணாதார சங்கத்தில் காசு கிடைக்கும் என்றால் முதலில் அதை எடுக்கச் சொல்வோம், அங்கத்தவர் அல்லாதவருக்கும் சந்தா விட்டுப்போனவருக்கும் பெட்டி திறக்கும்.

சில நேரம் ஏமாந்தும் இருக்கிறோம். மருந்துக்கு என்று வாங்கிய காசு சாராயக் கடைக்குப் போனது ஒரு தடவை. அடுத்த முறை அந்த வீட்டுக்குக் காசுக்குப் பதில் மருந்தே வாங்கிக் கொடுத்தோம், வீட்டைத் தள்ளிவைக்கவில்லை.

பிடியரிசி என்று ஒரு டின் கொடுத்தார்களே, அது என்ன?

சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை அந்த டின்னுக்குள் போடுங்கள், ஞாயிறு கொண்டுவாருங்கள், அவ்வளவுதான். பாட்டிமாருக்கு இது தெரிந்த பழக்கம். காசு இல்லாத வீட்டிலும் அடுப்பு எரிகிற நாளில் கொடுக்கலாம், அதுதான் இதில் உள்ள நல்ல விஷயம். இந்தியாவில் மிசோரம் மாநிலத்துப் பிரெஸ்பிற்றேரியன் பெண்கள் 1910 அளவில் இதைத் தொடங்கி இன்றும் செய்கிறார்கள். ஒரு பிடி, இரண்டு பிடி என்று சேர்த்து அந்தத் திருச்சபை தன் ஊழியத்தின் ஒரு பங்கை நடத்துகிறது. எங்கள் டின்கள் பழைய பால்மா டின்கள்தான். எங்கள் அரிசி கலவையாக வருகிறது, நாடும் சம்பாவும் சிவப்பும் ஒன்றாக. விற்க முடியாது, ஆனால் கஞ்சிக்கு அருமை. மாதக் கடைசி சனிக்கிழமை மண்டபத்தில் கஞ்சி, யாரும் வரலாம்.

கோதுமை மா ரொட்டிதான் எங்கள் வீட்டில், அரிசி ஏது என்று கேட்டார் ஒரு அக்கா. ஒரு பிடி மா போடுங்கள்.

அறுவடைப் பெருநாள் ஏலம் இந்த வருடம் உண்டா?

உண்டு. நிறுத்தினால் பாதிச் சபை வேறு சபைக்குப் போய்விடும். லீக்ஸ், கரட், கோவா, கிழங்கு, வீட்டில் வளர்த்த சேவல், எதுவும் கொண்டுவரலாம். போன வருடம் ஒரு பூசணிக்காய் ஐந்து தடவை ஏலம் போனது. வாங்கினவர் எல்லோரும் "திருப்பி வையுங்கள்" என்றார்கள், கடைசியில் அதை யார் கொண்டுபோனார் என்று எனக்கே தெரியாது. ஒரு வேண்டுகோள்: ஏலத்தில் சொன்ன தொகையை அன்றைக்கே கட்டுங்கள். இன்னும் வராத தொகைகள் என் புத்தகத்தில் இருக்கின்றன, பெயர் சொல்லமாட்டேன்.

மெதடிஸ்த சபை பக்கத்தில்தானே, பேசாமல் சேர்ந்துவிடலாமே?

பெரியவர்கள் முயன்ற காரியம்தான். 1947ல் தென்னிந்தியாவில் பல சபைகள் சேர்ந்து ஒரே திருச்சபையானது. இலங்கையிலும் அப்படி ஒன்றாவதற்கு வருடக்கணக்காகப் பேசி, 1970களின் தொடக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வந்து, வழக்கினால் நின்றுபோனது. அவ்வளவு பெரியதை நாங்கள் செய்யமுடியாது. ஆனால் நத்தார் கரோலும் வகுப்பும் ஏற்கனவே ஒன்றாகத்தான் நடக்கின்றன, கஞ்சிப் பானையும் அவர்களுடையது.

காணியில் ஒரு துண்டை விற்றால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடாதா?

காணி உறுதி எங்கள் பெயரில் இல்லை, அறங்காவலர்கள் பெயரில் இருக்கிறது. பிரெஸ்பிற்றரி சம்மதம் இல்லாமல் ஒரு பேர்ச் கூட விற்கமுடியாது, அது நல்லதுதான். விற்ற காசு இரண்டு வருடம் வரும், விற்ற காணி திரும்பி வராது. மண்டபத்தைக் கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடுவது பற்றிப் பேசுகிறோம்.

கணக்கை நாங்கள் பார்க்கலாமா?

பார்க்கத்தான் வேண்டும். எருசலேம் ஏழைகளுக்குக் காசு சேர்த்தபோது பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை, யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூடச் சேர்த்துக்கொண்டார், 2 கொரிந்தியர் 8ஐ எடுத்துப் பாருங்கள். அதே அதிகாரத்தில்தான் மக்கெதோனியாச் சபைகள் தங்கள் கொடிய தரித்திரத்திலும் கொடுத்த கதையும் இருக்கிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து, நான்கு புத்தகங்களும் மண்டபத்து மேசையில் இருக்கும். பொது, கூரை, தர்மம், பிடியரிசி. தர்மப் புத்தகத்தில் 2022 ஜூன் பக்கத்தில் என் கையெழுத்தோடு ஒரு கடன் இருக்கிறது, அதில் இன்னும் கால்வாசி திருப்பிப் போடவில்லை. அதையும் பாருங்கள். கண்ணாடி கொண்டுவாருங்கள், என் எழுத்து சின்னது.